வால் முளைத்த தட்டு

புகைப்படத்தில் இருந்த சுருள் விண்மீன் மண்டலத்துக்கு நீண்ட வால் இருந்தது. பக்கத்தில் உரசிப் போன குட்டி மண்டலம்தான் அதை இழுத்துவிட்டது என்று அக்கா ஆய்வுக்கூடத்தில் அடித்துச் சொல்லியிருந்தாள். கணினியில் அந்த உரசலை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், தட்டுபோல் சுழலும் பெரிய மண்டலம் மசியவே இல்லை. சாயங்காலக் கூட்டத்தில் மூக்கு உடைபடப் போகிறது.

உடன் வேலை செய்யும் தங்கை சுழல்நாற்காலியில் கையை நீட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"முகத்த ஏன் தூக்கி வச்சிருக்க? நீயே குட்டி மண்டலமா என்னைச் சுத்தி ஓடு, பாப்போம்!"

நாற்காலி சுற்றுவதற்கு எதிர்த்திசையில் அக்கா ஓடினாள். தங்கையின் கை உரசியதும் விலகிப் போயிற்று.

"இந்தப் பக்கமா ஓடுக்கா!"

கூடவே ஓடியபோது கையைப் பிடித்து இழுக்க நேரம் கிடைத்தது. தங்கை நாற்காலியோடு சுவர்வரை போனாள்.

"அடியே, நான் தட்டு சுத்துறத மேலேருந்து பாத்துக் குறிச்சேன், குட்டியோட பாதையக் கீழேருந்து பாத்துக் குறிச்சிட்டேன்! ரெண்டையும் எதிரெதிரா ஓட விட்டிருக்கேன்!"

கணினியில் குட்டியின் திசையை மாற்றி ஓட்டினாள். தட்டின் ஓரத்து விண்மீன்கள் பிரிந்து, புகைப்படத்தில் இருந்தபடியே வாலாக நீண்டன.

"கூட்டத்துல யாருக்கு நன்றி சொல்லுவ?" என்றாள் தங்கை.

"நாற்காலிக்கு."