மேட்டுக்கொல்லைச் சவுக்கு

"இந்த மல்லாட்டை யாரு போட்டதும்மா?"

புயல் மழை ஓய்ந்த மூன்றாம் நாள், முழங்கால் தண்ணீரில் அழுகிய நிலக்கடலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்ற கலைப்பிரியாவிடம் வேளாண்மை அலுவலர் கோகுலகிருஷ்ணன் இப்படித்தான் கேட்டார். இதைவிட எளிய கேள்வி உண்டா?

"நான்தாங்க. வெதைச்சது, களை எடுத்தது எல்லாம் நானு."

அவர் செல்போனைத் தேய்த்துப் பார்த்தார். "கொல்லை பச்சைமுத்து பேர்ல காட்டுதே?"

"எங்க மூத்தாருங்க. வீட்டுக்காரரோட அண்ணன்."

"அப்போ நிவாரணம் அவருக்குத்தாம்மா போவும்."

"அவரு இதுல கால் வெச்சே வருஷக்கணக்கு ஆவுதுங்களே!"

நடந்தது இதுதான். ஏரிக்கு அடியில் கிணற்றோடு இருந்த பள்ளக்கொல்லை அண்ணன் பங்கு. ரோட்டோர மேட்டுக்கொல்லை தம்பி தேவநாதன் பங்கு. திண்டிவனத்தில் டீக்கடை வைத்த அண்ணனுக்கு, ஆள் பார்க்காமலே வளரும் சவுக்குதான் தோது. தம்பிக்குத் தண்ணீர் வேண்டும். ஓர் அமாவாசையன்று மேல்மலையனூர் போய், அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கொல்லையை மாற்றிக்கொண்டார்கள். பத்திரம் எழுதவில்லை. தேவநாதன் இறந்த பிறகு அவன் பட்டா கலைப்பிரியாவுக்கு வந்தது. எந்தக் கொல்லையின் பட்டா என்று அவள் பார்க்கவேயில்லை.

"உங்க பேர்ல ரோட்டோரம் இருக்குது. அங்க இன்னா பயிரு?"

"சவுக்குங்க."

"அப்போ சவுக்கு உங்களுதுன்னு போட்டுக்கவா?"

இல்லை என்றால் தன் பேரிலிருக்கும் நிலத்தில் வேறு யாரோ பயிர் செய்கிறார்கள் என்றாகும். ஆமாம் என்றால் பொய். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலை ஆடிவிட்டது. அப்படியே பதிந்துகொண்டு, சவுக்குக்குச் சேதமில்லை, ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கொல்லைக்குப் போனார்.

அழுகியது அவளுடையது, ஆனால் மூத்தாருடையது. நிமிர்ந்து நிற்பது அவருடையது, ஆனால் அவளுடையது. எந்தப் பக்கமிருந்து நினைத்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலமே பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் சீண்டினாள். "இன்னாடி, ரோட்டோரம் வளைச்சிட்டியாமே! ஓட்டல் கட்டப் போறியா?"

காலையில் பச்சைமுத்து வந்துவிட்டார். டீத் தம்ளரைத் தொடவில்லை.

"சவுக்கு உன்னுதுன்னு சொன்னியா?"

"தலைதான் ஆட்டுனேன் மாமா."

"ஆட்டிட்டு? வெட்டறதுக்குப் பேசி வெச்ச யாவாரி, உன் கையெழுத்து இல்லாம கத்திய எடுக்க மாட்டேன்றான். பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"மல்லாட்டைக் காசு உங்களுக்குத்தான் வருதாம் மாமா."

"நான் இன்னா கேட்டேனா? அதுவா வருது."

"சவுக்க வெட்டிக்குங்க மாமா. எங்க போடச் சொன்னாலும் கையெழுத்துப் போடறேன். அப்பிடியே திண்டிவனத்துல பத்திரத்தையும் மாத்தி எழுதிக்கலாம். பள்ளம் எனக்கு, மேடு உங்களுக்கு."

மூத்தார் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். இன்னும் இறுகியது.

"எந்தம்பி இருந்தா எழுதணும்னு கேப்பானா?"

"அவரு இருந்தா யாவாரி என் கையெழுத்தக் கேப்பானா மாமா?"

சொன்ன பிறகு, கெஞ்சினோமா மிரட்டினோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. ரோட்டோரம் இன்று என்ன விலை போகிறது, பள்ளம் என்ன விலை போகிறது என்பது அவருக்குத் தெரியும். விலை கூடிய ரோட்டோரம் தன் பேரில் இருப்பதை இவள் சொல்லிக்காட்டுகிறாள் என்று நினைத்தாரா? இல்லை, கற்பூரம் ஏற்றிய பேச்சைக் காகிதத்தில் கேட்டதுதான் சுட்டதா?

பச்சைமுத்து எழுந்தார். பத்திர ஆபீசுக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவள் உள்ளே ஓடிப் புடவை மாற்றி, பட்டாவையும் ஆதாரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

"நீங்க முன்னால போங்க மாமா. நான் ஜல்தியா பஸ் பிடிச்சி வந்துர்றேன்."

அவர் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பி, திண்டிவனம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.