சக்கர ரயிலிலிருந்து இறங்கியவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கொல்கத்தா பாக்பஜாரில் நான் ஏறிய, நகரைச் சுற்றி ஓடும் சக்கர ரயில் கங்கைக்கரையில் திடீரென்று நின்றது. எதிர் இருக்கைப் பெண் இறங்கினாள், பனியில் மறைந்தாள். பார்த்தது அவ்வளவுதான். மீதி என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'துறைமுகச் சரக்குக்காக வெள்ளைக்காரர்கள் ஆற்றோரம் போட்ட தடம் அது. சணல் மூட்டைகள் போன வழியில் எண்பதுகளில்தான் பயணிகள்...'

[நிறுத்திவிட்டேன். வரலாறு அதுபாட்டுக்கு ஓடுகிறது, அவள் இன்னும் வண்டியே ஏறவில்லை.]

2

தமயந்தி என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகாரி. கணவர் இறந்து வெகுகாலமாகிறது. சென்னைக்கு மாற்றல் வந்திருக்கிறது. 'போக வேண்டாம், கல்யாணம் செய்துகொள்ளலாம்' என்று கேட்ட ரஞ்சன், இதே தடத்தில் தள்ளியிருக்கும் பிரின்செப் காட் படித்துறையில் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

வண்டியில் மகள் அனன்யா போனில் கூப்பிட்டாள்.

"மா, ரஞ்சன் அங்கிள் நல்லவர்தான். பட், லோகே கீ போல்பே?"

"ஊர் என்ன சொன்னா என்னடி? நீ என்ன சொல்றே?"

"நீ சென்னைக்குப் போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

3

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் மாலை. கல்லூரிப் பெண்கள் சிலர் சிலையை ஆற்றில் கரைக்கத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார்கள், வண்டி நின்றது. வெள்ளைச் சிலை, வெள்ளைப் பனி. வீணை மட்டும் தனியாக மிதந்து போயிற்று.*

ஒருத்தி தடுமாறினாள். "மாஷி, ஏக்டு தொருன் நா!" சித்தி, கொஞ்சம் பிடியுங்களேன் என்று கெஞ்சியதும் தமயந்தி இறங்கித் தோள் கொடுத்தாள். ஈரக் களிமண் கழுத்தில் சில்லென்று ஒட்டியது. ஆற்றில் சிலையை விட்டபோது முழங்கால் தண்ணீரில் நின்று அவளும் கத்தினாள்: "ஆஷ்சே பொசோர் ஆபார் ஹோபே!" அடுத்த வருஷமும் நடக்கும்! கத்திய பிறகுதான், அடுத்த வருஷம் தான் எங்கே இருப்போம் என்பது உறைத்தது. சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

* இதை நான் சேர்க்கவில்லை. உண்மையாகவே மிதந்தது.

4

முதல் முடிவில் அவள் சென்னைக்குப் போனாள். அடித்துவிட்டேன். இரண்டாவதில் ரஞ்சன் ஓடிவந்து கையைப் பிடித்தார். அதையும் அடித்துவிட்டேன், அந்த மனிதர் ஓடக்கூடியவர் இல்லை.

மூன்றாவதில், நனைந்த புடவையோடு போனை எடுத்தாள்.

"ரஞ்சன், என் வண்டி போயிடுச்சு. நீங்க இந்தப் பக்கம் நடந்து வாங்க. நானும் அந்தப் பக்கம் வரேன்."

தடத்தோரமாக இரண்டு பேரும் நடந்துகொண்டிருக்கிறார்கள். முதலில் யார் வாயைத் திறப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.