மதகடியில் காட்டாத கை

மாவுக்கட்டுப் போட்ட வலது கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, அண்ணி அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை. கால்வாய்ப் பாலத்தடியில் சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லாரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணனோடு காரில் வந்திருந்தாள்.

“அன்னிக்கு என்னால எல்லாருக்கும் ரைடு கெட்டுப்போச்சு. தப்பு என்மேலதான். இவ கை காட்டத்தான் செஞ்சா, நான்தான் பராக்கு பாத்துட்டு வந்துட்டேன்.”

‘இவ’ என்றது பக்கத்தில் நின்ற நாத்தனாரை. தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலில் உட்காருகிறவள் என்பதால் குழுவில் அவளுக்குப் பார்சல் என்று பெயர். சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்குமா, பெயர் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்து ஏற்றுக்கொண்டாள், வேறென்ன செய்வது. இப்போது அந்தப் பார்சல், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, நெருப்பை மிதித்தவளைப் போல நின்றாள்.

கேப்டன் விடுவாரா? கேப்டன் என்பது குழு கொடுத்த பட்டம். ஆள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வகுப்பு எடுக்காமல் ஒரு ஞாயிறு போகாது. “பாத்தீங்களா? இதத்தான் நான் தலையில அடிச்சுக்கிட்டு சொல்றேன். முன்னால போறவங்க கைதான் பின்னால வர்றவங்களுக்குக் கண்ணு. அவங்க காட்டினாங்க. இவங்க பாக்கல. இப்ப மணிக்கட்டுல தகடு.” அண்ணி, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை போலத் தலையை ஆட்டினாள். பார்சல் கையிலிருந்த கிளாஸில் பாதி டீ அப்படியே ஆறிப்போனது.

கேப்டன் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பக்கத்தில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. விரித்த பாய் போலச் சமதரை, வயல்களுக்கு நடுவே ஒற்றைத் தார்ச்சாலை, அது முடிந்தால் கால்வாய்க் கரை. இருக்கிற ஒரே எதிரி காற்று. அதனால் ஒருவர் பின்சக்கரத்தை ஒருவர் முன்சக்கரம் உரசாத குறையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர் சுகமாக மிதிக்கலாம். ஆனால் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது முன்னவர் முதுகு மட்டும்தான். பள்ளம் வந்தால் முன்னவர் அந்தப் பக்கத்துக் கையை இறக்கி விரலால் காட்டவேண்டும். அடுத்தவர் அதற்கடுத்தவருக்குக் காட்டுவார். அப்படியே கடைசி ஆள்வரை போகும்.

இதை அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். தன் பியூட்டி பார்லரில் நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்குகிறது என்று அண்ணி புலம்பியபோது, கடைக்குக் கூட்டிப்போய் சைக்கிள் வாங்க வைத்தாள். முதல் நாள் பயத்தில் “என்ன விட்டுட்டுப் போயிடாதடி” என்று கத்திக்கொண்டே வந்த அண்ணி, ஒரே வருஷத்தில் கேப்டனையே மூச்சுவாங்க வைத்தாள். ஒல்லி உடம்பு, காற்றைக் கிழித்துக்கொண்டு போனாள். இவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமைக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது, அதை இவள் கிளறிப் பார்த்ததில்லை.

அன்று காலை இதே பாலத்தடியில், இதே டீ. நல்ல எதிர்க்காற்று. எப்படி இத்தனை லேசாக ஓட்டுகிறீர்கள் என்று யாரோ கேட்க, அண்ணி இவள் தோளில் கைபோட்டுச் சொன்னாள்: “எனக்கென்ன, இவ பின்னாடி ஒட்டிக்கிட்டா போதும். காத்துன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. சுவரு மாதிரி!” குழு வெடித்துச் சிரித்தது. கேப்டனுக்குப் புரையேறிவிட்டது. இவளும் சிரித்தாள், எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். ஊரே பார்சல் என்று கூப்பிட்டாலும் உறைக்காத உடம்புக்கு, அண்ணி வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்துவிட்டது.

கிளம்பியதும் இவள் முன்னால், அண்ணி பின்னால். சுவராம் சுவரு, என்று ஒவ்வொரு மிதிக்கும் மனசு முணுமுணுத்தது. கால்வாய்க் கரையில் மதகை ஒட்டி இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு உண்டு, சரியாக டயர் அகலத்துக்கு. தன் வீட்டு வாசற்படியைப்போல அது இவளுக்குப் பழக்கம். தூரத்திலேயே பார்த்தாள். உடம்பு தானாக இடதுபக்கம் ஒதுங்கியது. வலது கை கைப்பிடியிலிருந்து எழும்பக்கூடச் செய்தது, பிறகு அப்படியே படிந்துகொண்டது. கொஞ்சம் குலுங்கட்டுமே என்று நினைத்தாள். ஒரு ‘ஐயோ’, ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான் இவள் கேட்டது. கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது. பின்னால் இரும்பு உராயும் சத்தமும் அதற்குப் பின் அண்ணியின் குரலும் கேட்டன.

ஆஸ்பத்திரியில் அண்ணன் பதறிப்போய் வந்து எப்படி ஆச்சு என்று கேட்டபோது, இவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே சொல்லிவிட்டாள்: “இவ கை காட்டத்தான் செஞ்சா. நான்தான் பாக்கல.” இவள் காட்டாமல் இருப்பாள் என்பது அண்ணிக்குத் தோன்றவே இல்லை. அந்த நிமிஷம் இவளுக்குள் ‘அப்பாடா’ என்று ஒரு மூச்சு வந்தது. கை காட்டாததையாவது கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மூச்சுக்கு என்ன பெயர் வைப்பது? படுத்தால் அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து தபால் நிலையம் விட்டால் நேரே அண்ணன் வீடு. சமைத்தாள், துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். வீட்டு முன்னறைதான் அண்ணியின் பார்லர். பூட்டிக் கிடந்த அதைக்கூடக் கூட்டித் துடைத்து வைத்தாள். கத்தரிக்கோல்கள் அளவுவாரியாகத் துணியில் படுத்திருந்தன. விரல்கள் பழையபடி மடங்குமா என்று கேட்டால், போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். வாடிக்கைக்காரிகள் போனில் விசாரித்துவிட்டு, பாவம் ரெஸ்ட் எடுங்க என்று சொல்லி, எதிர்த் தெருப் பார்லருக்குப் போனார்கள். அண்ணனோ, “நீ தங்கச்சி இல்லம்மா, எங்களுக்குத் தாய்” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். ஒவ்வொரு முறையும் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

பாலத்தடியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அண்ணிக்குத் தலை அலசிவிட வேண்டியிருந்தது. பார்லரில் பின்னால் சாய்கிற நாற்காலி, கழுத்தைத் தாங்கப் பள்ளம் வைத்த பீங்கான் தொட்டி, கைக்கு அடக்கமான குழாய். எத்தனையோ தலைகளை அங்கே படுக்கவைத்த அண்ணி, இப்போது தானே படுத்திருந்தாள். இவள் தண்ணீர்ச் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்து ஊற்றி, ஷாம்பூவைத் தேய்த்தாள்.

“கேப்டன் சொன்னது சரிதான்” என்றாள் அண்ணி, கண்ணை மூடியபடி. “சைக்கிள வித்துடலாம்னு பாக்கறேன். எனக்குக் கவனம் பத்தல. இத்தனை வருஷம் அடுத்தவங்க காதுகிட்ட கத்தரி புடிச்சிருக்கேன், ஒருத்தர் மேல கீறல் பட்டதில்ல. இப்ப இந்தக் கை சரியானாலும் என்னை நம்பி ஒரு தலையத் தொட முடியுமான்னு பயமா இருக்கு.”

இவள் விரல்கள் நுரைக்குள் நின்றன. கையை உடைத்தது போதாதென்று அவள் நம்பிக்கையையும் சேர்த்து உடைத்திருக்கிறோம் என்று தோன்றியது. இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அண்ணி, உங்க கவனத்துல குறை இல்ல. நான் கை காட்டல.”

“காட்டினியே.”

“இல்ல அண்ணி. காட்டவே இல்ல.”

அண்ணி கண்ணைத் திறந்தாள். தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “மறந்துட்டியா?” என்று கேட்டாள். தப்பித்துப் போக அவளே ஒரு கதவைத் திறந்து பிடித்ததுபோல் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும், கட்டிப்பிடித்து அழுதுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

“மறக்கல. வெடிப்பப் பாத்தேன். நான் மட்டும் ஒதுங்கிக்கிட்டேன். காட்டணும்னு தெரியும். காட்டல.”

“ஏன்டி?”

“டீ குடிக்கும்போது... சுவருன்னு சொன்னீங்க.”

மனசுக்குள் மலைபோல இருந்த காரணம், வாய்விட்டுச் சொன்னதும் கடுகளவுகூட இல்லை. சொன்னவளுக்கே கேவலமாக இருந்தது.  அண்ணி நெற்றியில் வழிந்த நுரையை இடது கையால் தானே துடைத்துக்கொண்டாள். 

“உங்க அண்ணன வரச்சொல்லு” என்றாள், மேலே விட்டத்தைப் பார்த்தபடி. குரல் உயரவில்லை. “மீதிய அவர் அலசட்டும்.”

அண்ணன் டிவி முன்னாலிருந்து எழுந்து வந்தான். “என்னது, நானா? எனக்கு என்ன தெரியும்? நீ எங்க போற?” என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்தான். இவள் நடையில் ஒதுங்கி வழிவிட்டாள். அவன் உள்ளே போனதும் கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் தரையெல்லாம் கொட்டுவதும் கேட்டது. “சூடு போதுமா? ஐயையோ, காதுக்குள்ள போயிடுச்சா?” என்றான் அண்ணன். பிறகு, “என்ன, கண்ணு இப்படிச் செவந்திருக்கு? சோப்பு பட்டுடுச்சா?”

 தண்ணீர்ச் சத்தம் நின்றது. அண்ணி என்ன பதில் சொன்னாள் என்று கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. இவள், முழங்கைவரை நுரை அப்பிய இரண்டு கைகளையும், எதிலும் படாமல், எங்கே வைப்பதென்று தெரியாமல், முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.