ஓலையில் வாசித்த பெயர்

எங்கள் பரம்பரையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. முப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவன், சொந்தச் சரித்திரத்தை விடுவேனா? திண்டுக்கல்லில் ஸ்தனிஸ்லாஸ் என்றால் முழிப்பவர்கள்கூட, 'மணியக்காரர் வீட்டு வாத்தியார்' என்றால் எழுந்து வழிவிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

கல்லறைத் திருநாளுக்குள் அச்சாகிவிட வேண்டும் என்று, என் தாத்தாவின் அப்பா சவரிமுத்துவின் கல்யாணப் பதிவைத் தேடி மாதா கோவில் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பிரான்சிஸ் 1896-ஆம் வருஷப் புத்தகத்தை எடுத்து, தேடாமலே பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

'சவரிமுத்து, வயது இருபத்திரண்டு. தகப்பன் தெரியாது. தாய் தெரியாது. தாது வருஷப் பஞ்சத்தில் கோவில் வாசலில் கிடந்த பிள்ளை. கல்யாண ஓலை வாசிக்க மணியக்காரர் அருளப்பன் தன் வீட்டுப் பெயரைக் கொடுத்தார்.'

மூன்று தடவை படித்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனந்த்ராஜ் என் மகள் ஷைனியைப் பெண் கேட்டு வந்தான். அனாதை இல்லத்தில் வளர்ந்து ஆசிரியரானவன், தங்கமான பையன். "மூணு ஞாயித்துக்கெழம பூசையில கல்யாண ஓலை வாசிப்பாங்களே, இன்னார் மகன்னு யார் பேரச் சொல்லி வாசிக்கிறது?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். இப்போது காந்திகிராமத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். ஷைனி வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

"பக்கத்த எப்பிடிச் சட்டுனு எடுத்தீங்க?" என்று பிரான்சிஸிடம் கேட்டேன்.

"ஷைனி பாப்பா வந்து பாத்துச்சே சார். கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க வந்தப்ப. அது வச்ச அடையாளச் சீட்டு இன்னும் இந்தப் பக்கத்துலயே கெடக்கு. பன்னெண்டு வருசம் இருக்கும். ஒங்ககிட்டச் சொல்லலயா?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஷைனி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"சவரிமுத்து தாத்தா பதிவப் பாத்தேன்மா" என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "பாத்துட்டீங்களா" என்றாள்.

"அன்னைக்கே அத என் முகத்துல வீசியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பேனா? ஏம்மா சொல்லல?"

திருத்திய தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"அம்மா போயி ஆறு மாசந்தான் ஆயிருந்துச்சு. சோறு தண்ணி எறங்காமக் கெடந்தீங்க. யாராச்சும் மணியக்காரர் வீட்டு வாத்தியாருன்னு கூப்புட்டா மட்டுந்தான் நிமிந்து பாத்தீங்க. அதையும் எப்பிடிப்பா ஒங்ககிட்ட இருந்து நான் பிடுங்குறது?"