நாலாவது ஸ்டாண்டின் உள்பக்கம்

எங்கள் அரங்கத்து வாசலில் அந்த மாதத்தின் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். முதல் வாரம் ஆர்கெஸ்ட்ரா, இரண்டாம் வாரம் பியானோ, மூன்றாம் வாரம் ஜாஸ், கடைசி ஞாயிறு குடும்பக் கச்சேரி. போஸ்டரில் போடாத இன்னொன்றும் இருந்தது. அதற்கு டிக்கெட் கிடையாது, கைதட்டலும் கிடையாது. பியானோ வாரத்தில் நாங்கள் சும்மா இருக்கும் ஒரு காலையில், வயலின்காரர்களின் இரண்டாம் பிரிவில் முதல் ஸ்டாண்டுக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

ஸ்டாண்டு என்பது நோட்ஸ் வைக்கிற தாங்கி. வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு ஸ்டாண்டைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஜனங்கள் பக்கமாக, வெளியே உட்காருகிறவர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்பக்கம் உட்காருகிறவர் பக்கம் முடியும்போது வில்லை எடுத்துவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். நாலாவது ஸ்டாண்டில் வெளிப்பக்கம் என் வீட்டுக்காரர், உள்பக்கம் நான். கல்யாணமான வருஷம் அப்படி உட்கார்ந்தோம், பதினோரு வருஷமாக அப்படியே இருக்கிறோம். எத்தனையோ பெரிய சிம்பொனிகளில் பக்கத்துக் கடைசி வரியை நான் முழுசாக வாசித்ததே இல்லை. வீட்டில் தட்டு எடுப்பதும் நான், மேடையில் தாள் திருப்புவதும் நான். பார்க்கிறவர்கள் மட்டும் “ஜோடியா வாசிக்கிறீங்க, எவ்வளவு அழகு!” என்று உருகுவார்கள்.

முதல் ஸ்டாண்டு என்றால் பிரிவுக்கே தலைமை. வில் மேலே போகணுமா கீழே இறங்கணுமா என்று முடிவாவது அங்கேதான். மற்றவர்கள் அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து வாசிப்போம். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை அந்த இடத்துக்குப் போட்டியிட்டு மூக்குடைபட்டு வந்தவர். இரண்டாவது தடவைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் பல நாள் பேச்சே இல்லை, நான் என்னவோ தோற்கடித்த மாதிரி. இந்தத் தடவை அவர் மனுப் போடவில்லை. வாத்தியக்காரர்களின் பிரதிநிதி என்று தேர்வுக் குழுவிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் மனுப் போட்டது அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் “நீயா?” என்பார். ஒற்றை வார்த்தைதான். அதைக் கேட்டால் அப்புறம் எனக்குக் கை எழும்பாது.

ஆபீஸ் மேனேஜரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“சார், குழுவில எங்க வீட்டுக்காரர் இருக்காரே, பரவாயில்லையா?”

“திரைக்குப் பின்னாடி நிக்கிறது யாருன்னு குழுவுக்கே தெரியாதும்மா. வெறும் நம்பர்தான். நீங்க போய்ச் சொல்லாம இருந்தா சரி. சொந்தம் பந்தமெல்லாம் திரைக்கு வெளியில!” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லை. அரங்கத்துக்குப் பின்னால் பெரிய மத்தளங்களையும் உடைந்த நாற்காலிகளையும் அடைத்து வைத்திருக்கும் ரூம் ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ரா வாரம் முழுக்க ஒத்திகை முடிந்ததும் அங்கே புகுந்துகொள்வேன். கேட்டால் பல் டாக்டர். கடைசியில் ஒரு நாள் அவரே கேட்டுவிட்டார்: “இத்தனை தடவை போறியே, வாயில பல்லு எதாவது பாக்கி இருக்கா?” பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். அந்த ரூமில் நான் வாசித்தால் மத்தளங்கள் தாமாக முனகும். அங்கேதான் முதல் தடவையாக ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி சுரம் வரை வாசித்தேன். தாளைத் திருப்ப ஆள் இல்லாததால் மனப்பாடமே செய்துவிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுகூட விரல் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

தேர்வன்று பியானோவை ஓரமாகத் தள்ளிப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். மேடை நடுவே கறுப்புத் திரை. ஆணா பெண்ணா என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள். இருமக் கூடாது, செருமக் கூடாது. ஏதாவது கேட்கணும் என்றால் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் காதில் கிசுகிசுக்கணும். எனக்குக் கிடைத்தது ஐந்தாம் நம்பர்.

வாசிக்கத் தொடங்கும் முன் கட்டைவிரலால் ஒரு தந்தியை மெதுவாகச் சுண்டிப் பார்ப்பது என் பழக்கம். பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கும். “கொசு அடிக்கிறியா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அன்றைக்கு அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சுண்டலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சுண்டினால் மாட்டிக்கொள்வேன். ஆனால் சுண்டினேன். கொஞ்சம் பலமாகவே சுண்டினேன். அவர் கண்டுபிடிக்கணும், கண்டுபிடித்துத் திகைக்கணும், ‘அடிப்பாவி, இவளா!’ என்று உள்ளுக்குள் பெருமைப்படணும் என்று எனக்கு ஆசை. பைத்தியக்கார ஆசைதான். ஆனால் இருந்தது.

பிரமாதமாக வாசித்தேன். மற்றவர்கள் சொல்லித்தான் தெரியணும் என்கிற விஷயம் இல்லை இது. கை நடுங்காத நாள் எது என்று கைக்குத் தெரியும்.

முடிவு ஜாஸ் வாரத்தில் வந்தது. இடம் எட்டாம் நம்பருக்கு. வேறு ஊர்க் குழுவிலிருந்து வந்த ஒரு பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. சம்பள விஷயமாக ஆபீசுக்குப் போயிருந்தேன். கீழே ஜாஸ்காரர்கள் ஒத்திகை என்ற பெயரில் கும்மாளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஸ்டாண்டும் கிடையாது, தாளும் கிடையாது, மனசில் தோன்றியதை வாசித்துவிட்டு ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். வயிறு எரிந்தது. நடையில், வயலினைவிடக் கொஞ்சம் பெரிசான வயோலாவை வாசிக்கிறவள் பிடித்துக்கொண்டாள். அவளும் குழுவில் இருந்தவள். வாயில் ஒரு விஷயம் தங்காது.

“எட்டாம் நம்பர் நல்ல பையன்தான். ஆனா எனக்கு அஞ்சாம் நம்பர்தான் பிடிச்சிருந்துது. என்னா வாசிப்பு! ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல இடம் போச்சு.”

“அப்படியா?” என்றேன்.

“உங்க வீட்டுக்காரர்தான் ஒத்தக் கால்ல நின்னாரு. கையில உறுதி பத்தாது, தலைமை தாங்குற வாசிப்பு இல்லைன்னு. நான் கரடியா கத்திப் பாத்தேன், மனுஷன் அசையலையே.”

அவளுக்கு ஐந்தாம் நம்பர் யார் என்று தெரியாது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இடம் போனதற்கு அழுதது பாதிதான். பதினோரு வருஷம் ஒரே ஸ்டாண்டில் தோளோடு தோள் உட்கார்ந்து வாசித்த மனுஷனுக்கு என் வாசிப்பு அடையாளம் தெரியவில்லையே என்று அழுதது மீதி. கட்டிய பெண்டாட்டியின் சமையலை எவனாவது கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் தெரியாமல் போகுமா?

அன்று ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

“அந்த அஞ்சாம் நம்பர் நல்லா வாசிச்சாங்களாமே, வயோலாக்காரி சொல்றா?”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “யாரோ. சுத்தமாத்தான் இருந்துது. ஆனா பின்னாடி உக்காந்தே பழக்கப்பட்ட கை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து.”

ஊற்றினேன். அந்த வாரம் முழுக்க என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். தெரிந்து செய்யவில்லை, பாவம். காது மந்தம், அவ்வளவுதான். யாரோ முகம் தெரியாத ஆளுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறார். ஆளைத் தெரிந்திருந்தால் கட்டாயம் எனக்குத்தான் போட்டிருப்பார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பக்கத்தில் படுத்து எழுந்தேன். ஒரு மனுஷனின் செவிட்டுத்தனத்தை நம்பிக் குடித்தனம் நடத்த முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசி ஞாயிறு குடும்பக் கச்சேரி. இதற்கு மட்டும் எங்களுக்குக் கறுப்புச் சட்டை வேண்டாம். பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தலையில் ஆளுக்கொரு மிருகக் காது மாட்டிவிடுவார்கள். எனக்குக் கரடிக் காது, என் வீட்டுக்காரருக்கு நீளமாக இரண்டு முயல் காது. முன்னால் நின்று கையசைத்து எங்களை நடத்தும் கண்டக்டருக்கு யானைத் தும்பிக்கை. கண்டக்டர் என்றால் என் மாமனாருக்கு இன்றைக்கும் டிக்கெட் கிழிக்கிறவர்தான். அன்றைக்கு அவர் வந்திருந்தால் சர்க்கஸ்காரர் என்று நினைத்திருப்பார்.

இடைவேளையில் நாத்தனார் என் மகளைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். மகள் என் கரடிக் காதைப் பிடித்து இழுத்துவிட்டு ட்ரம்பெட்காரரின் சிங்கத் தலையைப் பார்க்க ஓடிவிட்டாள். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, சூதுவாது தெரியாது.

“வருத்தப்படாத கண்ணு. அந்த இடம் கிடைக்கலைன்னா என்ன இப்போ?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த இடம் அண்ணி?”

“அதான், பரீட்சை எழுதினியாமே, திரைக்குப் பின்னாடி நின்னு. தம்பி சொன்னான். நீ சொல்லாட்டி என்ன? என்னமோ தந்தியைச் சுண்டுவியாமே, அந்தச் சத்தத்துலயே உன்னைக் கண்டுபிடிச்சுட்டானாம்.”

“எப்போ சொன்னாரு?”

“அன்னிக்கே. மத்தியானம் போன் பண்ணினான். குரலே சரியில்ல அவனுக்கு. நீ தெரியாத மாதிரி இரு, நான் சொன்னேன்னு சொல்லாத.”

மணி அடித்தது. நாத்தனார் மகளைத் தேடிக்கொண்டு போனார். நான் மேடை ஏறி என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லோரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த இரைச்சல். அதற்குள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

“அஞ்சாம் நம்பர் நான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் வில்லைத் திருகிக்கொண்டே இருந்தார். “அக்கா உளறிட்டாளா?”

“தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எதிரா ஓட்டுப் போட்டீங்க?”

“தெரிஞ்சதாலதான். சொந்தப் பெண்டாட்டிக்குப் போட்டான்னு நாளைக்கு நாலு பேரு பேச மாட்டாங்களா? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“நியாயம்னா எழுந்து வெளிய போயிருக்கணும். ஒத்தக் கால்ல நின்னு கையில உறுதி இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாது.”

“முதல் ஸ்டாண்டுன்னா சும்மாவா? தனி ஒத்திகை, வெளியூரு, மீட்டிங்கு. வீட்டை யாரு பாக்கிறது? பொண்ணை யாரு பாக்கிறது?”

“இருக்கட்டும். நான் எப்படி வாசிச்சேன்? அதை மட்டும் சொல்லுங்க.”

முயல் காது வைத்த ஒரு மனுஷனிடம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அவர் காதைக் காட்டிக் கெக்கெக்கே என்று சிரித்தது. பழக்க தோஷத்தில் அவரும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நல்லா வாசிச்ச. அங்க வந்த அத்தனை பேர்லயும் நீதான் நல்லா வாசிச்ச. நான் ரெண்டு தடவை போய் நின்ன இடம் அது. உன் அளவுக்கு நான் வாசிக்கல. என்னைக்கும் வாசிச்சதில்ல. நீ அங்க உக்காந்து, நான் இங்க உக்காந்து… என்னால முடியாதும்மா.”

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லியிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். பொய்யை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனோடு சண்டையாவது போடலாம்.

யானைத் தும்பிக்கையோடு கண்டக்டர் மேடைக்கு வந்து, மைக்கைப் பிடித்து, “குழந்தைங்களா, இங்க இருக்கிற எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி, ஒருத்தர் வாசிக்கிறதை இன்னொருத்தர் நல்லாக் கேட்டாத்தான் பாட்டு வரும்!” என்றார். குழந்தைகள் கைதட்டினார்கள். நடுவரிசையில் என் மகள் எழுந்து நின்று எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தாள்.

பதினோரு வருஷத்தில் என் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னைக் கேட்கிறாரா, கேட்கிறாரா என்று நான் ஏங்கிக் கிடந்த காலமெல்லாம் ஒரு சுரம் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண்டக்டர் கையை ஓங்கினார். என் வீட்டுக்காரர் வயலினைத் தோளில் வைத்தார். நானும் வைத்தேன்.