எந்த வேகத்தில் அவர் குரல்

சூரிச்சில் ஒலிக்காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கும் சிவானுஜாவுக்கு, அந்த அமெரிக்கப் பாடகரால் விசர் பிடித்துவிடும் போலிருந்தது. நூறு வருடத்துக்கு முந்திய மனிதர். பாஞ்சோ வாத்தியமும் கையுமாகக் கம்பனி கம்பனியாய்ப் போய், பாடின பாட்டையே திரும்பத் திரும்பப் பாடி இசைத்தட்டில் பதிந்தவர். அந்தக் காலத்தில் தட்டுச் சுழல ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு வேகம். தட்டைக் கொஞ்சம் விரைவாகச் சுழற்றினால் மீசை முளைக்காத பையன் பாடினான். மெதுவாக்கினால் பல்லுப் போன கிழவன். எது அவருடைய முதல் பதிவு, எது கடைசி? ஒரு தட்டை மட்டும், இது வேறு ஆள் என்று காலையிலேயே ஒதுக்கிவிட்டாள்.

மாலையில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தவராஜாவுக்கு ஒரே பாட்டை இரண்டு வேகத்திலும் போட்டுக் காட்டினாள்.

"எது அப்பா இந்தாளின்ரை உண்மையான குரல்?"

"என்னட்டையோ கேக்கிறாய்? யாழ்ப்பாணத்திலை சண்டைக்காலம், பற்றரிக்குத் தடை இருந்த நேரம், சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவிலைதான் கசெற் கேட்டனாங்கள். பெடலைச் சுத்தினது நான். கை உளைஞ்சால் பாட்டுக்காரன் அழுவான், உசாராச் சுத்தினால் துள்ளுவான்."

"பிறகு சரியான குரலைக் கேக்கேல்லையோ?"

"இஞ்சை வந்து அதே பாட்டைச் சிடியிலை வாங்கினன். ஆள் மாறிப்போச்செண்டு கடைக்காரனோடை சண்டை பிடிச்சுத் திருப்பிக் குடுத்திட்டன்."

சிவானுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

காலையில் தான் ஒதுக்கியது ஆளையா, வேகத்தையா?