ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு நிறுத்தம்

1

இந்தக் கதை வாந்தியில் தொடங்கியது. கடலுக்கடியில் மீன் பார்க்கப் பணம் கட்டிவிட்டு, படகு நங்கூரம் போட்டதுமே நான் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டேன். என்னை இறக்குவதற்கு முன் கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரப் பயிற்சியாளர்கள் இருவர் இறங்கினார்கள். கணவனும் மனைவியும், டைவிங் கடை நடத்துபவர்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். அவன்தான் மேலே போகலாம் என்று கை காட்டினானாம்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

நானாக இருந்தால் கேட்டிருப்பேன். குடும்ப நாவல் எழுதிப் பிழைப்பவள் நான். கடைசி அத்தியாயத்தில் யாராவது "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டால்தான் எனக்குக் கதை முடியும். அவள் கேட்காமல் விட்டதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "காலைக் கடல் பட்டுத் துணிபோல மடிந்து மடிந்து" [அடித்துவிட்டேன். அன்று கடல் பாசிப் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது.]

இரண்டாவது: "அவர்களுடைய காதல் தண்ணீருக்கடியில்தான்" [பொய். படகோட்டி சொன்னபடி, பெண் பார்த்துத்தான் கல்யாணம்.]

மூன்றாவது: அவர்களுக்குள் பேச்சு நின்று சில நாட்கள் ஆகியிருந்தன.

இது போதும். உண்மையும்கூட.

3

அவளுக்கு வேறொரு கடலில், பெரிய பயிற்சிப் பள்ளியில் தலைமை வேலை வந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். நான் படகேறிய அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சில நாள் முன்பு கணவனிடம் கேட்டிருக்கிறாள். அவன், "உன் இஷ்டம்" என்றிருக்கிறான்.

போ என்றிருந்தால் சண்டை போட்டிருப்பாள். போகாதே என்றிருந்தாலும் போட்டிருப்பாள். இரண்டுமில்லாமல் கதவைச் சாத்துவதுபோல ஒரு பதில். அன்றிலிருந்து படகோட்டிதான் இருவருக்கும் நடுவில். படகோட்டி அவளுடைய கொழுந்தன்.*

"அண்ணி, சிலிண்டர்ல காத்து திறந்திருக்கான்னு அண்ணன் கேக்குறாரு."

"உங்க அண்ணனுக்கு வாய் எங்க போச்சாம்?"

"அண்ணே, வாய் எங்க போச்சுன்னு..."

"காதுல விழுந்துச்சு. திறந்திருக்கான்னு மட்டும் கேளு."

"நான் படகு ஓட்ட வந்தேனா, தந்தி ஆபீஸ் நடத்த வந்தேனா?"

ஆனால் ஒரு வேலையைக் கொழுந்தனிடம் தள்ள முடியாது. குதிப்பதற்கு முன் ஜோடியில் ஒருவர் மற்றவரின் சிலிண்டரையும் வாரையும் எடை பெல்ட்டையும் தன் கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். அவள் அவனுடைய தோள் வாரைப் பிடித்து இழுத்தாள். தேவைக்கு அதிகமான இழுப்பு. அவன் ஓரடி முன்னால் வந்து நின்றான்.

(* நான் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தபோது இவ்வளவையும் சொன்னவன் கொழுந்தன்தான். பேச்சுக் கொடுத்தால் குமட்டல் தெரியாதாம். தெரிந்தது.)

4

இனி நான் பார்க்காத இடம். அவளோடு இறங்குகிறேன்.

இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினாள். பாதி வழியில் நீர் திடீரென்று குளிர்ந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே காலை வைத்ததுபோல. பாறையின் தெற்குப் பக்கம் நீரோட்டம் இழுத்தது. கலங்கலுக்குள் கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் மட்டும் நறநறவென்று கேட்டது. பாறை இடுக்கில் பெரிய களவா மீன் ஒன்று வாயைப் பிளந்து நின்றது. விரல் நீளத்துச் சின்ன மீன் ஒன்று அந்த வாய்க்குள் புகுந்து, பல்லிடுக்கில் ஒட்டியிருந்ததைத் தின்று, அவசரமில்லாமல் வெளியே வந்தது. அவள் எப்போதும் இங்கே சற்று நிற்பாள். அன்றும் நின்றாள்.

திரும்பியபோது அவன் கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

அந்தத் தொழிலில் அது கட்டளை. ஜோடியில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். காட்டினால் இருவரும் மேலே. காரணம் கேட்கக் கூடாது.

( கோமாளி மீன்களில் பெண் போய்விட்டால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். இதை வைத்து ஒரு பக்கம் உருகியிருந்தேன். என் தங்கை படித்துவிட்டு, "அதுவும் கடைய யார் பாத்துப்பாங்கன்னு கவலப்படுதாக்கும்" என்றாள். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

5

அவன் ஏன் காட்டினான்?

கடல் சரியில்லை என்பதற்காக இருக்கலாம். அப்படியென்றால் இது கதையே இல்லை.

காது காரணமாக இருக்கலாம். கொஞ்ச நாளாக அவன் அவளைவிட மெதுவாக இறங்குகிறான். காதுக்குள் அழுத்தம் விடுபடுவதில்லை. தெரிந்தால் அவள் போகமாட்டாள், தனக்காகத் தங்கிவிடுவாள். அதனால் மறைக்கிறான். [நல்லவன். ஆனால் இப்படி மறைக்கிற நல்லவர்களை வைத்து நான் ஏற்கெனவே ஒன்பது நாவல் எழுதிவிட்டேன்.]

அல்லது, களவா முன்னால் அவள் நின்ற அந்த நிற்பைப் பார்த்ததும் அவனுக்கு

இல்லை, எனக்கு இவனைத் தெரியவில்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, காரணம் கேக்கக் கூடாதுன்னா எப்பவுமேவா?"

"தண்ணிக்குள்ளதாங்க. மேல வந்து தாராளமா கேக்கலாம். அண்ணி குடைஞ்சு எடுத்துடுவாங்க. அன்னைக்குத்தான் ஒண்ணுமே கேக்கல."

போனை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். மேலே வந்தும் அவள் கேட்கவில்லையென்றால், கீழேயே அவளுக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

6

மேலே வரும் வழியில், ஐந்து மீட்டர் ஆழத்தில், எல்லாரும் சில நிமிடம் நிற்க வேண்டும். உடம்பில் ஏறிய வாயு மெதுவாக வெளியேறுவதற்காக. ஒரே கயிறு, இரண்டு கைகள், எதிரெதிரே இரண்டு முகங்கள். வீட்டில் என்றால் ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம். இங்கே போக இடமில்லை. கொழுந்தனும் இல்லை.

அவள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் காட்டினாள். சரியா? பதிலும் அதே வட்டம்தான். காட்டியே ஆக வேண்டும்.

அவன் காட்டவில்லை. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். ஏதோ சரியில்லை என்று பொருள்.

அடுத்து, எது என்று விரலால் காட்ட வேண்டும். அவன் விரல் உயர்ந்தது.

காதைக் காட்டினானா? அவளைக் காட்டினானா? [நெஞ்சைக் காட்டினால் நான் எழுதுவதையே விட்டுவிடுவேன்.]

7

நான் பார்த்தது இதுதான். இருவரும் படகில் ஏறினார்கள். என்னைப் பார்த்து அவன், "மேடம், இன்னைக்கு" என்றான். "வேண்டாம்" என்று அவள் முடித்தாள். ஈரக் கையோடு பையிலிருந்து போனை எடுத்தாள். கொழுந்தன் பாவி அந்த நேரம் பார்த்து எஞ்சினைக் கிளப்பினான். ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேசியபோது அவளுடைய இன்னொரு கை அவனுடைய தோள் வாரைப் பிடித்திருந்தது. இழுக்கவுமில்லை, விடவுமில்லை.

அந்த வேலைக்கு அவள் என்ன பதில் சொன்னாள்? இந்த இடத்தில், முடிவு உங்கள் இஷ்டம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அந்தச் சொல் ஒரு வீட்டை என்ன செய்தது என்று பார்த்த பிறகு உங்களிடம் அதைச் சொல்ல மாட்டேன்.

என் இஷ்டத்தைச் சொல்கிறேன். அவன் காதைக் காட்டியிருக்க வேண்டும், பிறகு அவளையும் காட்டியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தே அவள் போக வேண்டும். போகக் கூடாது என்றும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

என் பங்கு முடிந்தது. போன் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சண்டையென்றாலும் பரவாயில்லை.